பெற்றோல் விற்ற தேநீர்க் குடுவை

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கில், ஸில்லா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1922இல் அந்த ஊர்ப் பக்கமாகப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக் ஏன்ஸ்வர்த் என்பவர் ஒரு பெற்றோல் செட் கட்டினார். மரச்சட்டத்தில் வட்டமான சுவர். மேலே கூம்புக் கூரை, அதுதான் மூடி. ஒரு பக்கம் தகரத்தை வளைத்துச் செய்த கைப்பிடி. மறுபக்கம் கொங்கிரீட்டில் ஒரு மூக்கு. வீதியில் வருகிறவருக்குத் தெரிந்தது, ஆள் உள்ளே நிற்கக்கூடிய அளவில் ஒரு தேநீர்க் குடுவை. உள்ளே நின்றவர் விற்றது பெற்றோல்.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்து வீதியோரக் கட்டடங்களைப் பற்றிக் குறிப்பெழுதி வைப்பது என் பழக்கம். அம்பலம், தேத்தண்ணிக் கடை, பஸ் தரிப்பிடம், நெல் ஆலை, செட் என்று எது கண்ணில் பட்டாலும் எழுதுவேன். எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நிற்கிற கேள்வி, இதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பது. கடையைக் கடை என்று எழுதிவிட்டுப் போகலாம். குடுவையாகத் தெரிகிற ஒரு செட்டை என்னவென்று எழுதுவது? அந்த மாவட்டத்து வில்கமுவவில் இருந்துகொண்டு ஸில்லாவைப் பற்றித் தேடித் தேடி வாசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். சின்னக் கேள்வியாகத் தெரியலாம். ஆனால் ஒரு கட்டடம் இடிந்த பிறகு எஞ்சப்போவது அதைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி மட்டும் என்றால், அந்த வரியில் எந்தச் சொல் முதலில் வருகிறது என்பது சின்ன விஷயமல்ல.

பெயரில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தச் செட்டின் பெயருக்குப் பின்னால் நீளமான கதை ஒன்று இருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் காற்றும் மழையும் அரித்து அரித்து தேநீர்க் குடுவை போல ஆக்கிய ஒரு பாறை உண்டு. அதனால் பக்கத்தில் இருந்த எண்ணெய் வயலுக்கு ‘டீபொட் டோம்’ என்று பெயர் வந்தது. அது அமெரிக்கக் கடற்படைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய் வயல். ஜனாதிபதி ஹார்டிங்கின் ஆட்சியில் உள்துறை அமைச்சராக இருந்த அல்பர்ட் ஃபோல், 1922இல் கேள்விப்பத்திரம் எதுவும் கோராமல் அதை ஹரி சின்கிளயரின் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். பின்னால் கைமாறிய பணம் வெளியே வந்தது. 1929இல் ஃபோல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1931இல் சிறைக்குப் போனார். பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர். அந்த ஊழலுக்கும் டீபொட் டோம் என்றே பெயர். ஏன்ஸ்வர்த் அதை வைத்துத் தன் செட்டுக்குக் குடுவை வடிவம் கொடுத்தார். இன்றும் அதன் பதிவுப் பெயர் ‘டீபொட் டோம் சேர்விஸ் ஸ்டேஷன்’.

பாறையில் இருந்து வயலுக்கு, வயலில் இருந்து ஊழலுக்கு, ஊழலில் இருந்து வீதியோரத்துச் செட்டுக்கு என்று அந்தப் பெயர் நடந்து வந்திருக்கிறது. பாறையின் கைப்பிடி முன்னமே உடைந்துவிட்டது. 1962இல் காற்று அதன் மூக்கையும் கொண்டுபோனது. இன்றைக்கு அந்தப் பாறையைப் பார்க்கிற ஒருவர் குடுவை என்று தானாகச் சொல்லமாட்டார். பெயர் மட்டும் அதைக் குடுவையாக வைத்திருக்கிறது. அந்தப் பாறை 1974இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. ஸில்லாவின் செட் 1985இல் ஏறியது. ஆக, ஒரே பெயருக்கு அந்தப் பதிவேட்டில் இரண்டு இடம். ஒன்று வடிவத்தை இழந்து பெயரால் நிற்கிறது. மற்றது பெயரில் இருந்து வடிவத்தைச் செய்துகொண்டது.

இங்கே எங்கள் நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். ஈரானிடம் எண்ணெய் வாங்கிய கடன் 251 மில்லியன் டொலரை, மாதத்துக்கு 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பித் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் இலங்கை உடன்படிக்கை செய்தது. அந்த நாட்களில் ஸில்லாவின் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். தேயிலையும் எண்ணெயும் சந்தித்த இடம் அது ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வகைப்படுத்தலுக்கு வருவோம். அமெரிக்கப் பதிவேட்டில் தனியாக நிற்கும் எதையும் நான்கில் ஒன்றாகச் சொல்லவேண்டும். மனிதர் உள்ளே புழங்கினால் கட்டடம். பாலம், அணை போல வேறு வேலைக்காகக் கட்டியது என்றால் கட்டுமானம். சிலை, நினைவுத்தூண் போன்றது பொருள். வெறும் நிலமும் அதில் நடந்த சம்பவமும் முக்கியம் என்றால் இடம். பல சேர்ந்து கிடந்தால் அது வட்டாரம் என்று தனி வகை. மேசையில் வைக்கிற அளவில் இருந்தால் குடுவை ஒரு பொருள். பத்துப் பதினைந்து அடிக்கு வளர்ந்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கணக்கெழுதத் தொடங்கியதும் அது கட்டடமாகிவிடுகிறது. இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வடிவம் எப்படித் தெரிகிறது என்று கேட்கும் முன்னால், உள்ளே ஆள் இருந்தாரா, என்ன செய்தார் என்று அது கேட்கிறது.

அதே படிவத்தில் பயன்பாட்டுக்கு ஒரு கட்டமும் கட்டடப் பாணிக்கு வேறொரு கட்டமும் உண்டு. எந்தப் பாணியிலும் அடங்காதவற்றுக்கு ‘வேறு’ என்றும் ‘பாணி இல்லை’ என்றும் எழுத வசதி வைத்திருக்கிறார்கள். குடுவையைப் ‘பாணி இல்லை’ என்று எழுத யாருக்குத்தான் மனம் வரும்? உலகத்தில் இருக்கிற பெற்றோல் செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத்தான் பாணி இல்லை.

அந்தப் பதிவேட்டின் இன்னொரு விதியும் இங்கே முக்கியம். இருந்த இடத்தை விட்டு நகர்த்திய கட்டடத்தை வழமையாக அது ஏற்பதில்லை. கட்டட வடிவமே அதன் முதன்மைச் சிறப்பு என்றால் விலக்கு உண்டு. ஸில்லாவின் செட் அப்படி நகர்ந்த ஒன்று. 82ஆம் இலக்கப் பெருந்தெரு திட்டமிடப்பட்டபோது, 1978இல், அதைப் பழைய வீதி வழியே ஒரு மைல் அளவு தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கும் அது பெற்றோல் விற்றது. பிறகு விற்பனை நின்றது; 2007இல் ஊராட்சி அதை வாங்கி, 2012இல் ஊருக்குள் கொண்டுவந்து, சுற்றுலாப் பயணிகளுக்குத் தகவல் சொல்கிற நிலையமாக்கியது. ‘வீதியோரச் செட்’ என்று மட்டும் வகுத்தால், வீதியை விட்டு விலகியதுமே அதன் அர்த்தத்தில் பாதி போய்விடுகிறது. ‘குடுவை வடிவக் கட்டடம்’ என்று வகுத்தால் எங்கே தூக்கி வைத்தாலும் அது குடுவைதான். எந்த வகைக்குள் வைக்கிறோம் என்பது, அந்தக் கட்டடத்துக்கு எதிர்காலத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. படிவம் நிரப்புகிறவர்கள் இதை அறிந்துதான் நிரப்பவேண்டும்.

கட்டடக்கலை எழுதுகிறவர்கள் இவ்வகைக் கட்டடங்களுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சிலர் ‘நொவெல்டி’ என்பார்கள். அது பார்க்கிறவருடைய வியப்பில் இருந்து வந்த பெயர். சிலர் ‘மிமெட்டிக்’ என்பார்கள். அது ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதை மட்டும் பார்க்கிறது. 1980இல் ஜிம் ஹைமனும் ரிப் ஜோர்ஜஸும் ‘கலிஃபோர்னியா கிரேஸி’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்த காலத்தில் ‘புரோகிராமட்டிக்’ என்ற சொல் பரவியது. கட்டியவர் எதை நினைத்துக் கட்டினார் என்பதற்கு அது கிட்டே போகிறது என்பது என் வாசிப்பு. எல்லாவற்றிலும் பிரபலமானது வாத்து. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் மார்ட்டின் மௌரர் என்ற வாத்துப் பண்ணைக்காரர் 1931இல் வாத்து வடிவத்தில் ஒரு கடை கட்டி, அதற்குள் இருந்து வாத்தும் முட்டையும் விற்றார். ரொபர்ட் வென்சூரி, டெனிஸ் ஸ்கொட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் மூவரும் 1972இல் எழுதிய ‘லேர்னிங் ஃப்ரொம் லாஸ் வேகாஸ்’ நூலில், முழுக்கட்டடமே விளம்பரப் பலகையாக நிற்பதற்கு ‘வாத்து’ என்று பெயர் வைத்தார்கள். சாதாரணப் பெட்டிக் கட்டடம் கட்டி முன்னால் பலகை மாட்டினால் அது ‘அலங்கரித்த செட்’.

எங்கள் ஊரில் பெற்றோல் விற்கிற இடத்துக்குச் செட் என்றுதான் பெயர். அந்தப் பிரிவின்படியும் எங்களுடையவை அப்பட்டமான செட்டுகள். ஒரு கூரை, இரண்டு பம்ப், ஒரு பலகை.

எனக்கு இந்த வாத்துப் பிரிவில் ஒரு குறை தெரிகிறது. அது எல்லா உருவங்களையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறது. மௌரரின் வாத்து, விற்கிற பொருளைக் காட்டியது. வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலத்தில் 1930இல் எழுந்த சிப்பி வடிவச் செட், விற்கிற கம்பனியைக் காட்டியது. ஷெல் எண்ணெயை விநியோகித்த குவாலிட்டி ஒயில் கம்பனி, மரப்பட்டிகளை வளைத்து, கம்பி பின்னி, மேலே கொங்கிரீட் பூசி அந்த மஞ்சள் சிப்பியை எழுப்பியது. இப்படிக் குறைந்தது எட்டு கட்டினார்களாம். எஞ்சியது ஒன்றுதான். 1976இலேயே அதைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். இடையில் புல்வெட்டும் இயந்திரம் திருத்துகிற கடையாகக் கிடந்து, 1990களில் பழையபடி மீட்கப்பட்டது. சியாட்டிலில் 1954இல் வந்த தொப்பியும் பூட்சும் இன்னொரு கதை: பெரிய கவ்போய்த் தொப்பிக்குக் கீழே செட்டின் அலுவலகம், இரண்டு பூட்சுக்குள்ளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கழிப்பறை. அது பொருளையும் காட்டவில்லை, கம்பனியையும் காட்டவில்லை. காரில் போகிறவரைப் பிரேக் அடிக்க வைத்தது, அவ்வளவுதான். ஸில்லாவோ இவை எதிலும் சேராது. அது நாட்டில் நடந்த ஒரு அநியாயத்தை வீதியோரத்தில் நிறுத்தி வைத்தது. விற்ற பண்டம், விற்ற கம்பனி, வெறும் கவனம், அரசியல் நினைவு என்று நான்கும் நான்கு வேறு நோக்கங்கள். ‘உருவக் கட்டடம்’ என்று ஒரே வரியில் எழுதினால் நான்கும் அழிந்துவிடும்.

இதையெல்லாம் அமெரிக்காவின் கார் யுகத்துக் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறவர்களைக் காணும்போது எனக்குப் பொறுக்காது. உருவமாக நிற்கும் வாசலின் பெரிய உதாரணம் ஒன்று நான் இருக்கிற இதே மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் சீகிரியாவைத் தன் தலைநகராக்கிய முதலாம் காசியப்பன், பாறையின் மேலே ஏறுகிற படிக்கட்டைச் சிங்க வடிவில் கட்டினான் என்று சூளவம்சம் சொல்கிறது. பாறைக்குப் பெயர் வந்ததும் அதனால் என்கிறது. மேலே போகிறவர் ஒரு சிங்கத்துக்குள் புகுந்துதான் போகவேண்டும். பிற்காலத்தில் தலையும் உடலும் விழுந்து மண்மேடாகிவிட்டன. பெயர் மட்டும் சிங்கத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. 1898இல் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் அந்த மேட்டை அகழ்ந்தபோது, செங்கல்லும் சாந்துமாக இரண்டு பெரிய பாதங்கள் நகத்தோடு வெளியே வந்தன. வயோமிங் பாறைக்கு நடந்தது இங்கே அதற்கு முன்னமே நடந்திருக்கிறது. வடிவம் போன பிறகு பெயர் அதைக் காத்தது.

அதே சீகிரியாவை என் குறிப்பேட்டில் எழுதும்போது நான் ‘சிங்கம்’ என்று தொடங்கமாட்டேன். ‘வாயில்’ என்று தொடங்குவேன். அது செய்த வேலை அது. 1982இல் யுனெஸ்கோ பட்டியலில் சீகிரியா ‘பண்டைய நகரம்’ என்று ஏறியது. மக்கள் வாழ்ந்த, ஆட்சி நடந்த, தண்ணீர் ஓடிய ஊர் என்பது முதலில் வருகிறது. இது நல்ல வரிசை.

உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாமல்லபுரமே போதும். அங்கே ஐந்து ஒற்றைக்கல் கோயில்களைப் ‘பஞ்ச பாண்டவர் ரதம்’ என்கிறோம். பல்லவர் அவற்றைத் தேராகவும் செதுக்கவில்லை, பாண்டவருக்காகவும் செதுக்கவில்லை. கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் இருப்பது ‘புலிக்குகை’. வாசலைச் சுற்றி நிற்கிற தலைகள் யாளி, உள்ளே குகை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பிற்காலத்தவர் கண்ணில் பட்டது பெயராகிவிட்டது. அதற்காக அந்தப் பெயர்களை எடுத்தெறியச் சொல்லவில்லை. நூற்றாண்டுகளாக மக்கள் வாயில் புழங்கிய பெயரும் வரலாறுதான். பெயர் ஒரு கட்டத்திலும், கட்டடம் செய்த வேலை வேறொரு கட்டத்திலும் இருக்கவேண்டும். ஒன்று மற்றதை விழுங்கக்கூடாது.

உருவமாகக் கட்டுவது தமிழருக்கும் புதிதில்லை. சென்னை வள்ளுவர் கோட்டத்தில் திருவாரூர்த் தேரை 39 மீற்றர் உயரத்துக்குக் கல்லில் எழுப்பியிருக்கிறார்கள், 1976இல் திறந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுகிறது. ஒவ்வொன்றும் கோயில் கோபுரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வீதியில் வருகிறது. கட்டடம் தேராகிறது, தேர் கட்டடமாகிறது. அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, குடுவை பெற்றோல் விற்பதில் பெரிய திகைப்பு வரத் தேவையில்லை.

இனி எங்கள் சாதாரணச் செட்டுகள். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961இல் உருவானது. அடுத்த ஆண்டே அமெரிக்க, பிரித்தானியக் கம்பனிகளின் நிலையங்களை அரசு எடுத்துக்கொண்டது. நட்டஈடு தராததைக் காரணம் காட்டி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. வீதியில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய சண்டை எப்படித் தெரிந்தது? பலகை மாறியது. அவ்வளவுதான். 2003இல் இந்தியன் ஒயில் வந்தபோதும், 2023இல் சைனோபெக் வந்தபோதும் அதேதான். கூரை அப்படியே, பம்ப் பெட்டிக்குப் புது நிறம், மேலே புதுப் பலகை. வின்ஸ்டன்-சேலத்துச் சிப்பி மாதிரி ஒன்று இங்கே இருந்திருந்தால் 1962இல் அதை என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சிப்பியில் இருந்து ஷெல்லைக் கழற்ற முடியாது. இடித்திருப்பார்கள், அல்லது நிறம் மாற்றி வேறெதுவோ ஆக்கியிருப்பார்கள். பெட்டிக் கட்டடம் ஆட்சி மாற்றத்தைத் தாங்குகிறது. உருவக் கட்டடம் தாங்குவதில்லை. அதனால்தான் எட்டில் ஒன்று எஞ்சுவதே பெரிய விஷயம்.

பலகை மாறிக்கொண்டே இருப்பதால் எங்கள் செட்டுகளுக்கு நிலைத்த பெயரும் கிடையாது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசைகளில் நின்ற மாதங்களை எல்லோரும் நினைவு வைத்திருப்பீர்கள். எங்கே பெற்றோல் வந்திருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டால் எவரும் கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை. பாலத்தடிச் செட், பழைய சந்தைச் செட், முதலாளியின் பேர் சொல்லி இன்னாருடைய செட். ஹெட்டிப்பொல என்றால்கூட எந்த ஹெட்டிப்பொல என்று கேட்கவேண்டும். வில்கமுவவில் ஒன்று, குருநாகல் பக்கம் ஒன்று. வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள் தங்களுக்குள் ஒரு முழுப் பெயர்ப்பட்டியலை வைத்திருந்தார்கள். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சட்டத்தை நம்பியும் காத்திருக்க முடியாது. எங்கள் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஐக் கோடாக வைத்திருக்கிறது; கண்டி இராச்சியம் கைமாறிய நாள். அதற்கு முந்தியது தொல்பொருள். பெற்றோல் என்ற ஒன்றே அதற்குப் பல காலம் பின்னால் வந்தது. கையால் ஆட்டி அடித்த பழைய பம்ப் ஒன்று எங்காவது கூரைக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தால், அது இரும்புக் கடைக்குப் போகும் முன் யாராவது எழுதவேண்டும்.

எழுதும்போது நான் மூன்றைப் பிரித்து எழுதுகிறேன். முதலில் செய்த வேலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. அடுத்து வடிவம், அந்த வடிவம் எதைக் காட்ட வந்தது என்பதோடு. பிறகு ஊரார் அழைத்த பெயர், எழுத்துக்கூட்டல் அவர்கள் சொன்னபடியே. ஸில்லாவுக்கு இப்படி வரும்: பெற்றோல் செட், 1922 முதல், தேநீர்க் குடுவை வடிவம், எண்ணெய் ஊழலை நினைவூட்ட, டீபொட் டோம், இருமுறை இடம் மாறியது, இப்போது தகவல் நிலையம். சீகிரியாவுக்கு: மலை ஏறும் வாயில், சிங்க வடிவம், பாதங்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

இந்த ஒழுங்குக்கு அடங்க மறுப்பது ஒரேயொரு செட். ஒரிகன் மாநிலத்து மில்வோக்கியில் ஆர்ட் லேசி என்பவர் 1947இல் இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்றை வாங்கிப் பறந்து கொண்டுவந்து, தன் பெற்றோல் பம்புகளுக்கு மேலே கூரையாக நிறுத்தினார். இறக்கைகளுக்குக் கீழே கார்கள் வந்து பெற்றோல் அடித்தன. 1991இல் பம்புகள் ஓய்ந்தன. 2014இல் விமானத்தை இறக்கி, திருத்திப் பறக்கவிடுவதற்காகக் கொண்டுபோனார்கள். குடுவை குடுவையைப் போல இருந்தது, சிப்பி சிப்பியைப் போல இருந்தது. இது விமானத்தைப் போல இருக்கவில்லை, விமானமாகவே இருந்தது. அதனால் இதற்கு மட்டும் வடிவம் என்ற இடத்தில் ‘உண்மையான விமானம், பி-17’ என்று எழுதியிருக்கிறேன். செய்த வேலை என்ற இடத்தில் இரண்டு வரி: முதலில் போர் விமானம், பிறகு பெற்றோல் செட்டின் கூரை. மூன்றாவது வேலை ஒன்று வந்தால் எழுத, கீழே இடம் விட்டிருக்கிறேன்.